மூடி போட்ட ரம்பம்

"மெஷினை அப்புறம் காட்டலாம் மொதலாளி. மொதல்ல உங்க கையைக் காட்டுங்க."

பொன்னேரி கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்த நாளிலிருந்து தெய்வசிகாமணி இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. காலி மீன்கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே நின்றாள் அந்த அம்மாள். கோட்டைக்குப்பத்துப் பவுனம்மாள் என்று தன் பேரைத் தானே சொல்லியிருந்தாள்.

வேறு வழியில்லாமல் இரண்டு கைகளையும் விரித்தார்.

"பத்து விரலும் முழுசா இருக்குது. அப்ப நீங்க விக்கறதோட சரி, அறுக்கறதில்ல."

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செவுளைத் தூக்கிப் பார்க்காம மீன் வாங்கமாட்ட போலிருக்கே."

"நான் விக்கறவ. தூக்கிப் பார்க்கறதெல்லாம் உங்கள மாதிரி ஆளுங்கதான்."

"சரிம்மா, ரம்ப மெஷினு யாருக்கு? வூட்ல யாரு ஆசாரி?"

"ஆசாரி இல்ல, என் மருமவன். ஏரியில வலை போடறவரு. இன்னிக்கு இவங்க எறங்கணும், நாளைக்கு அவங்க எறங்கணும்னு எங்களுக்குப் பாடு பிரிச்சிருக்குது இல்ல? நம்ம முறை இல்லாத நாள்ல ஏரியில கால் வைக்கக்கூடாது. மத்தவங்க அன்னிக்குச் சீட்டாடுவாங்க. இவரு மரத்தை எடுத்துகினு குந்திடுவாரு. முக்காலி, அஞ்சறைப்பெட்டி, கொயந்தைக்கு நடைவண்டி."

"விக்கறதுக்கா?"

"ஆசைக்கு."

"ஆசைக்கு ஒரு மெஷினா?"

"ஏன், ஆசையை மெட்ராஸ்காரங்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்திருக்குதா?"

தெய்வசிகாமணி மெஷின் மேலிருந்த தூசியைத் தட்டினார். அவள் விடவில்லை.

"ஊர்ப் பெரியவங்களும் இதையேதான் கேட்டாங்க. வலை புடிக்கற கைக்கு ரம்பம் இன்னாத்துக்கு, இத்தோட வுட்டுடச் சொல்லுன்னாங்க. ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்துல வருசா வருசம் ஆளு போவுது, நீங்க யாராவது கடலை வுட்டீங்களான்னு கேட்டேன். துண்டை உதறிகினு எழுந்து போயிட்டாங்க."

"பலே."

"ஆனா ஒண்ணு மொதலாளி. கை போச்சுன்னா துடுப்பு வலிக்க முடியாது, வலை இழுக்க முடியாது. இழுக்காதவனுக்குப் பங்கு ஏது? அதான் கேக்கறேன். இங்க நிக்கற ரெண்டுல எது விரலைக் கேக்காது?"

"ரெண்டுமே நல்ல மெஷினும்மா. வாசப்பக்கம் இருக்கறது சின்னது. இது பெருசு, கோயமுத்தூர்லேர்ந்து வந்தது."

"ரெண்டும் நல்லதுன்னா சின்னதே போதும். கட்டிக் குடுங்க."

தெய்வசிகாமணி சட்டென்று குறுக்கே வந்தார். பெரியதுதான் வந்த நாளிலிருந்து கேட்பாரில்லாமல் கடையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. லாபமும் அதில்தான்.

"அவசரப்படாதேம்மா. இப்படி வந்து பாரு. பல்லு மேல இரும்பு மூடி இருக்குதா? கட்டையை உள்ள தள்ளினா மேல தூக்கிக்கும். கட்டை வெளிய வந்ததும் தானா படிஞ்சுக்கும்."

"சின்னதுல?"

"தெறந்த பல்லு. கை வழுக்கினா நேரா அதும்மேலதான்."

"பின்னால இந்தத் தகடு இன்னாத்துக்கு?"

"அதான் உசுரு. அறுபட்ட கட்டை திரும்பச் சேர்ந்து பல்லைக் கவ்வாம வெலக்கி வெக்கும். தகடு இல்லேன்னு வெச்சுக்கோ, கட்டை மாட்டிகினு எகிறி ஆளையே அடிக்கும். அடிக்கற வேகத்துல கை பல்லுக்குள்ள போயிடும்."

"சின்னதுல தகடு?"

"ஏது?"

"சட்டுனு நிறுத்தணும்னா?"

"இதோ செவப்புக் குமிழு. முழங்காலால இடிச்சாலே நின்னுடும். அதுல செவுரு வரைக்கும் ஓடி சுவிட்சை அணைக்கணும். அதுக்குள்ள போறது போயிடும்."

"அப்ப சின்னது நல்ல மெஷின் இல்லைங்கறீங்க."

"அது மெஷினாம்மா? எமன் வாயி."

"ஒண்ணும் தெரியாத ஆளு வந்து அதைக் கேட்டா?"

"தெரியாதவன்கிட்ட அதை விக்கறதே பாவம்மா. விரல் போனா வித்தவன்தான் பதில் சொல்லணும்."

வியாபாரம் கைக்கு எட்டிவிட்ட சந்தோஷத்தில் அடுத்த கடைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார் தெய்வசிகாமணி.

பவுனம்மாள் பெரிய மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மூடியைத் தூக்கி விட்டாள். அது தானாகப் படிந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி படிந்தது. வந்ததிலிருந்து விறைப்பாக இருந்த முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது.

"இதையே எடுத்துக்கறேன். வண்டியோடதான் வந்திருக்கறேன்."

"மாமியார்னா இப்படி அமையணும். உன் மருமவன் குடுத்து வெச்சவரு."

அவள் வாசலுக்குப் போய், "மாப்ளே, இப்படி ஓட்டியாங்க," என்று குரல் கொடுத்தாள்.

கைவண்டி ஒன்று கடை முன்னால் வந்து நின்றது. பவுனம்மாள் அதன்மேல் கிடந்த சாக்கை உருவினாள். உள்ளே, மூடியில்லாத சின்ன ரம்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. தை மாதம் தெய்வசிகாமணியே, 'கொயந்தைகூட ஓட்டலாம்பா' என்று சொல்லி விற்றது. வாங்கிப்போன மருமகன், இடது கையில் இரண்டு விரல் இருந்த இடத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான்.

"இப்ப எங்கிட்ட சொன்னதையெல்லாம் தை மாசமே இவருகிட்ட சொல்லியிருக்கலாம் மொதலாளி," என்றாள் பவுனம்மாள். "போனது போவட்டும், மிச்ச விரலாவது இவருக்கு வேணும். மாத்தி ஏத்துங்க."