தனித்தனியாக எண்ணியபோது

கமலாவதி கணவனின் ஆய்வேட்டிலிருந்த கடைசி அட்டவணையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

தேவராசா பல்கலைக்கழக வளாகத்தில் புள்ளிவிபரவியல் விரிவுரையாளர். வடகரைக் குடும்பம் ஒன்றில் தலைமுறையாகத் தொடரும் நோயைப் பற்றி ஒன்பது வருடமாக எழுதி வந்தார்.

ஒருவருக்கு இளவயதிலேயே கண்புரை. இன்னொருவருக்குத் தசை மெலிவு. வேறொருவருக்குப் பிடித்த பிடி உடனே தளராது. தனித்தனியாக எண்ணினால் ஒரு ஒழுங்கும் தெரியாது. எல்லாம் ஒரே நோய் என்று சேர்த்து எண்ணினால், நோயுள்ளவரின் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது வருகிறது. அதைத்தான் அவர் கணக்கால் நிறுவியிருந்தார்.

அட்டவணையில் பெயர்கள் இல்லை. எண்கள் மட்டும்.

பதினொன்று: ஆண், கடற்றொழில். வலித்த துடுப்பிலிருந்து கையை எடுக்க நேரமாகும்.

அவள் விரல்கள் நின்றன. அது அவளைப் பெற்ற ஐயா.

பன்னிரண்டு, ஐயாவின் தங்கை; முப்பது வயதில் பார்வை மங்கிய மாமி. எல்லாம், கல்யாணமான புதிதில் தேவராசா கேட்கக் கேட்க அவள் ஆசையாகச் சொன்ன வீட்டுக் கதைகள்.

பத்தொன்பது: பெண், பதினொன்றின் மூத்த மகள். பிடித்த கையை விட நான்கு விநாடி. அவதானித்த நாள்: 1971 ஓகஸ்ட் 29.

அன்று அவர்களுக்குக் கல்யாணம். மணவறையைச் சுற்றி வந்த பிறகும் அவள் அவருடைய கையை விடவில்லை. பெண்கள் சிரித்தார்கள்.

அடுத்த நிரலையும் வாசித்தாள்.

பிள்ளைகள்: இல்லை. காரணம்: கணவருக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை, 1971 நவம்பர்.

அந்த நவம்பரில் குடலிறக்கம் என்று சொல்லிக் கொழும்புக்குப் போய் ஒப்பரேசன் செய்துகொண்டு வந்தார். இரண்டு கிழமை அவள்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள்.

அதன் பிறகு ஒன்பது கந்தசஷ்டி. ஒவ்வொன்றிலும் ஆறு நாள் பட்டினி. அவருடைய தாய் அவளை மலடி என்று சொன்ன அன்று, அவரும் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதோ?" கதவடியில் தேவராசா நின்றார்.

"எனக்கும் அந்தப் பரம்பரை வருத்தம் இருக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் நீர் பயந்துபோயிருப்பீர்," என்றார். "கணக்கும் பிழையாப் போயிருக்கும்."

அவள் தாளை இயந்திரத்திலிருந்து உருவிக் கசக்கினாள். அவருடைய முகத்தில் எறியக் கையை ஓங்கினாள்.

விரல்கள் விரியவில்லை.

தேவராசா அந்த விரல்களையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.