எர்சிலியாவின் விரல்

தேவாலயப் படிக்கட்டில் மல்லாத்தி வைத்திருக்கும் இராணுவத் தலைக்கவசத்துக்குள் தங்க மோதிரங்கள் ணங், ணங்கென்று விழுந்துகொண்டிருக்கின்றன. தலைவர் ஆப்பிரிக்காவில் தொடங்கியிருக்கும் போருக்காக இத்தாலியப் பெண்கள் எல்லோரும் கல்யாண மோதிரத்தைக் கழற்றித் தர வேண்டும். பதிலுக்கு ஓர் இரும்பு மோதிரம். எர்சிலியாவின் முறை வந்துவிட்டது. போன போரில் செத்துப்போன கணவன் போட்ட மோதிரம், ஊர்த்துணி வெளுத்து வெளுத்து வீங்கிய விரலில் புதைந்து கிடக்கிறது. "கழல மாட்டேங்குதுப்பா," என்கிறாள், உள்ளுக்குள் சின்ன நிம்மதியோடு. தலைக்கவசத்துக்குக் காவல் நிற்கும், தலைவரின் கட்சிப் படையைச் சேர்ந்த கருஞ்சட்டைக்காரன் துல்லியோ சிரிக்கிறான். "அவசரமே இல்லம்மா. நாங்க காத்திருக்கோம்." வரிசைக்குத்தான் காத்திருக்க மனமில்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்ட பக்கத்து வீட்டு டெல்ஃபினா ஆலிவ் எண்ணெய்ச் சீசாவோடு ஓடி வந்து, எர்சிலியாவின் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். இன்னொருத்தி எண்ணெயை ஊற்றி மோதிரத்தைத் திருகுகிறாள். "என்னுது மட்டும் போகணும், உன்னுது இருக்கணுமா? கையை நீட்டுக்கா!" டெல்ஃபினாவின் கண்ணில் நீர் தளும்புகிறது, பிடி மட்டும் தளரவில்லை. டிசம்பர் வெயிலில் எண்ணெய் பளபளக்கிறது. தோல் உரிந்துகொண்டு மோதிரம் வந்துவிடுகிறது. ணங். பாண்டு வாத்தியம் முழங்க, மிச்சமிருந்த எண்ணெயில் இரும்பு மோதிரம் வழுக்கி ஏறுகிறது. இத்தனைக்கும் துல்லியோ கையைக்கூட அசைக்கவில்லை. சதுக்கம் முழுக்கக் கைதட்டுகிறது. எர்சிலியா குனிந்து பார்க்கிறாள். எண்ணெயும் ரத்தமுமாக, அவள் கைகளும் தட்டிக்கொண்டிருக்கின்றன.