முப்பத்திரண்டு முடிவுகள்

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்!"

மனைவி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கூப்பிட்டாள். அவள் உருவாக்கிய சிரிப்பு கேம் வெளியாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கஞ்சப் பூதத்தின் வீட்டில் வாடகைக்கு வந்து மாட்டிக்கொண்ட குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதை விளையாடுபவரே தேர்ந்தெடுக்கலாம். மொத்தம் முப்பத்திரண்டு முடிவுகள்.

"என்ன, யாராவது திட்டிட்டாங்களா?"

"வயிறு வலிக்கச் சிரிச்சோம்னுதான் எல்லாரும் எழுதியிருக்காங்க. இதை மட்டும் படிங்க."

'எல்லா முடிவுகளையும் பார்த்துவிட்டேன். குளியலறைக் குழாய் ஒழுகுவது சரி. ஆனால் ஜன்னல் கொக்கி இடப்பக்கம் அல்லவா இருக்கிறது?'

கணவன் குளியலறைக்கு ஓடினான். கொக்கி இடப்பக்கம்தான் இருந்தது.

"நம்ம குளியலறையைப் பாத்துத்தான் வரைஞ்சேன். கொக்கியை மட்டும் மாத்திப் போட்டுட்டேன். அது இவனுக்கு எப்படித் தெரியும்?"

அவன் ஓடிப்போய் வாசற்கதவுக்குச் சங்கிலி போட்டான். "எவனோ உள்ள வந்துட்டுப் போயிருக்கான். ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லி உடனே பூட்டை மாத்தணும்."

"அவரா? ஒரு ஆணி அடிச்சுத் தரமாட்டாரு!"

அதற்குள் அந்த விமர்சனத்தின் கீழே இன்னொரு வரி முளைத்தது: 'வீட்டில்தானே இருக்கிறீர்கள்? வருகிறேன்.'

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது.

மனைவி துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு நின்றாள். அவன் சங்கிலியைக் கழற்றாமல் கதவை லேசாகத் திறந்தான்.

ஹவுஸ் ஓனர் நின்றிருந்தார். கையில் புதுக் குழாய்.

"முப்பத்திரண்டும் விளையாடிப் பாத்துட்டேம்மா," என்றார், தலையைக் குனிந்தபடி. "ஒரு முடிவுலகூட நான் இதை மாத்தித் தரலையே."