கட்டம் கட்டமாக

“இப்ப உள்ள வாக்கா. நான் லைன்லயே இருக்கேன்.”

ஃபோனைக் காபிக் கோப்பையின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, அக்கா மவுசைப் பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம். கல்யாணம், வேலை, ஆளுக்கொரு ஊர் என்று ஆன பிறகு அவளுக்கும் தம்பிக்கும் நடுவில் மிஞ்சியது அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் பண்ணை வைத்திருந்தார்கள். பண்ணை இருப்பது தம்பியின் கம்ப்யூட்டரில். அவன் கதவைத் திறந்துவிட்டால் இவள் இங்கிருந்தே உள்ளே போய் உழுவாள். முதல் கிணறு இவள் தோண்டியது. சிவப்பு டிராக்டர் இவளுடையது. வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்தாள்.

கொஞ்ச காலமாக அதற்கும் கேடு வந்துவிட்டது. உள்ளே போவாள், கிணற்றடியில் நாலைந்து பேர் நிற்பது தெரியும், கையை ஆட்டுவாள். அவ்வளவுதான், டப்பென்று விளையாட்டு மூடிக்கொள்ளும். நடுத்திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக ஒரு வரி.

குற்றவாளி யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டு. இவளுடைய பழைய லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். நடுவில் வைன் என்றொரு மென்பொருள் நின்று, அதன் பாஷையை இதற்குச் சொல்லி எப்படியோ ஓட்டிக் கொடுக்கும். லினக்ஸில் விளையாடுகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. எது நின்றாலும் முதலில் தங்கள் மெஷினைத்தான் திட்டுவார்கள். கரண்ட் போனால்கூட டிரைவர் மென்பொருள் சரியில்லையோ என்று பார்க்கிற கூட்டம்.

இவள் மட்டும் விட்டுவிடுவாளா? கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினாள். வைனில் புதியதைப் போட்டாள், பழையதைப் போட்டாள். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். சத்தத்தை அணைத்துவிட்டு ஊமைப் படம்போல உள்ளே போய்ப் பார்த்தாள். “காலைலேர்ந்து வைனோட மல்லுக்கட்டிட்டிருக்கேன்” என்று வாசலில் வாய்தவறிச் சொல்லப்போக, பக்கத்து வீட்டுக்காரி அன்றிலிருந்து இவளை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாள்.

தம்பியை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை, தங்கமான பிள்ளை. ஒவ்வொரு முறையும் லைனில் இருப்பான். ஒவ்வொரு முறையும் இவளுக்கு முன்னால் அவன் பதறுவான். இதை மாற்று, அதை மாற்று என்று புதிது புதிதாக வேலை சொல்வான். அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டபோது மட்டும், “அது சும்மாக்கா, கண்டுக்காத” என்றுவிட்டான். லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவனே அவன்தானே. அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நேற்று இணையத்தில் தன் பிரச்சினையை எழுதிப் போட்டாள். முகம் தெரியாத ஒருவர் கேட்டார்: அதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது?

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊர் உலகத்தையெல்லாம் கேட்டவள், எதிரே இருந்ததைப் படிக்கவில்லை. காரணமும் அற்பக் காரணம். விளையாட்டு தன் எழுத்துருவைத் தானே கொண்டுவந்துவிடும். அந்தப் பெட்டி மட்டும் விண்டோஸின் தமிழ் எழுத்துருவைத் தேடும். இவளிடம் அது இல்லை, கட்டம்தான் வரும். வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டு, அதற்குப் பதில் இதைக் காட்டு என்று வைனுக்குச் சொல்லி வைத்தாள். தம்பியிடம் மூச்சுவிடவில்லை. எல்லாம் சரியானதும் சொல்லி அசத்த வேண்டும்.

உள்ளே போனாள்.

கிணற்றடியில் அதே நாலைந்து பேர். எவனோ ஒருவன் சிவப்பு டிராக்டரில் உட்கார்ந்திருந்தான். தம்பியின் சிநேகிதர்களாக இருக்கும். நல்லதுதான், பண்ணைக்கு ஆள் சேர்ந்திருக்கிறது. கையை ஆட்டினாள்.

ஃபோனில் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது.

“ஐயோ, மறுபடியும் போச்சா?”

அவன் கேட்டு முடித்த பிறகுதான் திரை மூடிக்கொண்டது.

பெட்டி வந்தது. பண்ணையின் உரிமையாளர் உங்களை வெளியேற்றிவிட்டார்.

படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வெளியே நிற்கிறவளைப் பூட்டு ரிப்பேர் பண்ணச் சொல்லியிருக்கிறான் பாவி. இனிமேல் வராதேக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு மூச்சு அழுதிருப்பாள், அதோடு போயிருக்கும்.

ஆனாலும் கூடப்பிறந்தவன். ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

“ஏண்டா, அந்தப் பெட்டில என்னதான் எழுதியிருக்கும்?”

அந்தப் பக்கம் அவனுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

“யாருக்குக்கா தெரியும்? உன் டிரைவர்தான் பிரச்சினையா இருக்கும். இன்னொரு வாட்டி மாத்திப் பாரேன்.”

சரிடா என்றாள் அக்கா.

போட்ட எழுத்துரு நன்றாகவே பொருந்தியிருந்தது. ஒரு கொம்பு விலகவில்லை, ஒரு புள்ளி குறையவில்லை.