நண்டு நடை

நோபேட் குத்துச்சண்டை மேடையின் மூலையிலிருந்த ஸ்டூலில் விழுந்தான். உட்கார்ந்தான் என்று சொன்னால் பொய்.

இரண்டாவது ரவுண்ட் முடிந்திருந்தது. கடைசி ரவுண்டுக்கு முன் ஒரு நிமிட இடைவேளை. அந்த ஒரு நிமிடத்தில் தண்ணீர் கொடுக்க உலகத்தில் வேறு ஆளே கிடைக்காததுபோல், சாந்தன் வந்து முன்னால் குந்தினான்.

பயிற்சி தரும் மாஸ்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கிளப்பில் மிச்சமிருந்தவன் இவன் ஒருவன்தான். இரண்டு வருடமாக நோபேட்டுடன் முகம் கொடுத்துக் கதைக்காதவன்.

"வலது காலை முன்னுக்கு வை," என்றான் சாந்தன்.

நோபேட் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். பாதி வாளிக்குள் விழுந்தது, மிச்சம் சாந்தனின் காலில். வேண்டுமென்று செய்யவில்லை. செய்திருந்தாலும் வருந்தியிருக்கமாட்டான்.

எதிர் மூலையில் தெமட்டகொடைக் கஜீவன் ஸ்டூலே வேண்டாம் என்று நின்றுகொண்டிருந்தான். இருபத்தொரு வயதுத் திமிர். "கஹப்பன் மல்லி, கஹப்பன்!" என்று அவன் பக்கத்து ஆட்கள் அடிக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

அவனுடைய வலது கை முடிந்த ரவுண்டில் நான்கு தடவை வந்தது. நான்கையும் பட்ட பிறகுதான் நோபேட் அறிந்தான். கடைசி அடிக்கு நடுவர் எட்டுவரை எண்ணினார்.

நோபேட்டின் இடது கண்ணில் நான்கு மாதமாக வெளிச்சம் இல்லை. திரைச்சீலையை இழுத்து மூடியதுபோல் ஒரே கறுப்பு. மனைவி பிறிஜெற்றுக்கே சொல்லவில்லை.

எப்படிச் சொல்வான்? இன்று வெல்கிறவனுக்குத் துறைமுகக் கம்பனியின் அணியில் இடம். இடம் கிடைத்தால் நிரந்தர வேலை. ஒன்பது வருடமாக அதே துறைமுகத்துக்கு அன்றாடக் கூலியாகப் போய்வருகிறவனுக்கு, முப்பது வயதில், இதை விட்டால் வேறு வாசல் இல்லை.

சாந்தன் புருவத்து இரத்தத்தைத் துடைத்தான். கை மெதுவாகத்தான் பட்டது. அதுவே நோபேட்டுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நேற்று அரையிறுதியில் சாந்தனும் இதே கஜீவனிடம்தான் தோற்றான். ஆனால் கஜீவனின் வலது கை சாந்தனின் முகத்தை ஒருதடவைகூடத் தொடவில்லை. வலது காலை முன்னால் வைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, பக்கவாட்டிலேயே நகர்ந்துகொண்டிருந்தான். அது சாந்தனின் வித்தை. அதற்கு நண்டு நடை என்று பெயர் வைத்ததே நோபேட்தான். கிளப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நீயும் அதைப் பழகேன் என்று மாஸ்டர் போன மாதம் கேட்டுப் பார்த்தார். பிச்சை எடுத்தாலும் அவனிடம் எடுக்கமாட்டேன் என்றுவிட்டான் நோபேட்.

எல்லாம் இரண்டு வருடத்துக்கு முந்திய கிளப் இறுதிப் போட்டியில் தொடங்கியது. நோபேட் ஒரே அடியில் சாந்தனைக் கிடத்தினான். அன்றைக்கு வாய் மூடிய சாந்தன் இன்றைக்குத்தான் திறக்கிறான். தோல்வியைத் தாங்கமாட்டாதவன் என்று நோபேட் எப்போதோ முடிவு கட்டியிருந்தான்.

"வலது காலை வை, நோபேட். அவன்ர கை வாறது தெரியும்."

"உன்ர நண்டு நடையை நீயே வைச்சிரு. விழுந்தாலும் நான் நேர நிண்டு விழுவன்."

சாந்தன் கழுத்திலிருந்த டவலைக் கையில் எடுத்தான். மூலையில் நிற்பவன் அதை உள்ளே எறிந்தால் சண்டை முடிந்தது, வேலையும் முடிந்தது.

"எறிஞ்சியோ, கொன்று போடுவன்."

"எறியேல்லை." சாந்தன் அவனுடைய இடது காதுப் பக்கம் கிட்ட வந்தான். "மெடிக்கல்ல நான் உனக்குப் பின்னால நிண்டனான். டொக்டர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கண்ணாப் பொத்தச் சொன்னார். நீ ரெண்டு தரமும் இடது கண்ணைத்தான் பொத்தினனீ. கை மட்டும்தான் மாறினது."

இவனுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று நாளாகத் தெரிந்திருக்கிறது. ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நோபேட்டை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று நோபேட் கேட்டான்.

"எப்பிடிச் சொல்லுறது? அடுத்த ஆள் நான். நானும் அப்பிடித்தானே பொத்தினனான். ரெண்டு வருஷமா அப்பிடித்தான் பொத்துறன்."

நோபேட் அவனைப் பார்க்க முகத்தை முழுவதுமாகத் திருப்பவேண்டியிருந்தது. சாந்தனும் அவனைப் பார்க்க அதே அளவு திருப்பினான்.

சாந்தனின் இடது கண் அசையாமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அதை அவன் தலைக்கனம் என்று நோபேட் நினைத்திருந்தான்.

எந்த அடியில் அந்தக் கண் போனது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த அடியின் போட்டோ, சட்டம் போட்டு, நோபேட்டின் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

விசில் ஊதிவிட்டார்கள். மூலையில் நிற்பவர்கள் வெளியேற வேண்டும்.

நோபேட் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நேரமாகிவிட்டதென்று சாந்தன் பல்லுக்கு வைக்கும் கம்ஷீல்டை உள்ளே வைத்து அழுத்திவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே இறங்கினான்.

மணி அடித்தது.

நோபேட் வலது காலை முன்னால் வைத்தான்.