கொழும்பு விலை

"ஏன் தம்பி, ரேடியோவுல வேற வெல சொன்னாங்களே?"

கல்லாவில் இருந்த ரஜீவ் சிரித்தான். முகக்கவசப் பெட்டிக்கு அவன் கேட்டது அரசு அறிவித்த விலையைப் போல இரண்டு மடங்கு. எதிரே நின்ற பெண், நைந்த குடையும் றப்பர் செருப்புமாக, தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே வந்தவள் போலிருந்தாள்.

"அது கொழும்பு வெலைங்க அக்கா. பெட்டி மலையேறி பதுளைக்கு வர வேணாமா?"

அவள் பணத்தை எண்ணிக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல் கேட்டது.

"கை கழுவியாச்சு, பிள்ளை. காய்ச்சலையும் ஒருக்கால் பாருங்கோவன்."

ரஜீவ் எட்டிப் பார்த்தான். மடித்துக் கட்டிய சாரம், தலையில் துவாய், கண் மட்டும் தெரிய முகக்கவசம். நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்த காவல்காரப் பெண் ஊரைக் கேட்டாள்.

"ஸ்பிரிங்வெளித் தோட்டம். கொழுந்து லொறியில நிக்கிறனான்."

ஹாலிஎல தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த ரஜீவுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. எந்த லயத்தில் இப்படி வடக்குத் தமிழ் பேசுகிறார்கள்? விலை பார்க்கிற அதிகாரிகள் வேஷம் போட்டு வருவதாகக் கடைத்தொகுதி முழுக்கப் பேச்சு. போன கிழமைதான் மேல்மாடிக் கடையொன்றுக்கு சீல் வைத்திருந்தார்கள்.

"பில்லு ஒண்ணு போட்டுத் தாங்க தம்பி. நாலு வீடு பங்கு போட்டு வாங்குறோம்."

வேறு நாளென்றால் அந்தப் பெண்ணிடம் பில் புத்தகம் முடிந்துவிட்டது என்றிருப்பான். இப்போது இவள் இடத்தைக் காலி பண்ணினால் போதும். அவசரமாகக் கிறுக்கி நீட்டினான்.

"கெளம்புங்க அக்கா. கிட்டக் கிட்ட நிக்கக் கூடாது, கொரோனா!"

வெளியே மழை. அவள் வாசலோடு ஒதுங்கி நின்றாள்.

சாரக்காரர் தரையிலிருந்த மஞ்சள் வட்டத்துக்குள் வந்து நின்றார். ரஜீவ் தாடையில் தொங்கிய முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றினான். அவர் கையில் தானே சானிடைசர் ஊற்றினான். அதே பெட்டியை அரசு விலைக்குச் சதம் பிசகாமல் கொடுத்தான். கேட்காமலே பில்லும் போட்டான்.

அவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவம், ஒரு குற்றமும் அகப்படவில்லை. ரஜீவால் அதற்குமேல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"சேர், மூஞ்சிய மறைச்சீங்க, பேச்ச மறைக்கலியே! அடுத்த தரம் வேற ஆள அனுப்பச் சொல்லுங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. தலைத் துவாயை அவிழ்த்து, பரமலிங்கம் என்று பெயர் போட்ட அடையாள அட்டையைக் கல்லாமேல் வைத்தார்.

"நீங்கள் சொன்னதைத்தான் தம்பி நானும் ஒஃபிஸில சொன்னனான்."

வாசலில் நின்ற பெண் குடையை மடக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். தன் பில்லை அவருடைய பில்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அதான் தம்பி, என்னையும் அனுப்பியிருக்காங்க."