அரைச் சுற்று

கழிவுத் தொட்டிக்கும் படகின் விலாமரத்துக்கும் நடுவே என் இடது தோள் சிக்கிக்கொண்டது.

முன்னும் போகவில்லை. பின்னும் வரவில்லை.

மூச்சை முழுக்க வெளியே விட்டால் ஒரு விரல் இடம் கிடைத்தது. அந்த ஒரு விரலில் வேலை செய்தேன்.

மேலே, பலகையைக் கழற்றிய திறப்பில், பட்டறையில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் முகம்மது சுல்தானின் முகம் தெரிந்தது.

"டேய் டிகிரி, உள்ளயே குடும்பம் நடத்தப் போறியா? தவுக்கே விருந்தாளிங்களக் கூட்டிட்டு வந்துகிட்டு இருக்காரு லா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என் மனைவி சந்திரிகா போன வருடக் கடைசியில் இறந்துபோனாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது என் வேலையும் போனது. படிப்பு மட்டும் பட்டப்பெயராக மிஞ்சியது.

"ஒண்ணுமில்ல பாய். வெந்நிய எறக்குங்க" என்றேன்.

வெல்ட் கீ துறையில் கட்டியிருந்த வெள்ளை லாஞ்ச் அது. கேபினில் கக்கூஸ் நாற்றம். கக்கூஸிலிருந்து தொட்டிக்குப் போகும் ஹோஸை இரண்டு முறை பிரித்துப் பூட்டினோம். இரண்டு முறையும் நாற்றம் திரும்பி வந்தது. இன்றும் நாறினால் தன் படகுகள் எல்லாவற்றையும் வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவதாகப் படகு முதலாளியான தவுக்கே சொல்லியிருந்தார். அவர் படகுகள்தான் எங்களுக்குச் சோறு.

இந்த வேலைக்கு எப்போதும் என்னைத்தான் இறக்குவார்கள். மற்றவர்கள் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு ஏறிவிடுவார்கள். எனக்கு நாற்றம் தெரியாது. சந்திரிகாவை எரித்துவிட்டு வீடு திரும்பிய நாளிலிருந்து எந்த வாசனையும் தெரியாது. டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். மூக்கில் குறை ஒன்றும் இல்லை என்றார்.

ஆகவே பூட்டுவது நான். மோந்து பார்ப்பது பாய்.

வெந்நீரை ஊற்றி ஹோஸை இளக வைத்தேன். குழாய் முனையில் வரிவரியாக மேடு இருக்கும். கடைசி மேடும் மறையும்வரை ஹோஸைத் தள்ள வேண்டும். அதன்மேல் இரண்டு உலோகப் பட்டைக் கிளிப்புகள். திருகுகள் எதிரெதிர்ப் பக்கம்.

முறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. குறைந்தால் கசியும். மிஞ்சினால் கிளிப்பே ஹோஸை அறுத்துவிடும்.

"இன்னும் அரைச் சுத்துன்னு கை அரிக்கும் பாரு, அங்க நிறுத்திடு" என்பார் பாய்.

அரித்தது. நிறுத்தினேன்.

பாய் போய்க் கக்கூஸ் பம்பை அடித்தார். என் காதோரம் ஹோஸுக்குள் தண்ணீர் ஓடியது. ஒரு சொட்டும் விழவில்லை.

கண்ணை நம்பக் கூடாது. வெந்நீரில் பிழிந்த துணியால் ஹோஸைச் சுற்றித் துடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததைத் துணி பிடித்துவிடும். அதை மோந்து பார்த்தால் போதும்.

துடைத்தேன். துணியைப் பாயிடம் நீட்ட, வலது கையை முகத்தை உரசியபடிதான் மேலே கொண்டுபோக முடிந்தது.

துணி மூக்கில் பட்டது.

நாறியது.

பின்னாலேயே டீசல் வந்தது. அழுகிய மரம் வந்தது. என் வியர்வையே வந்தது. ஒரு முழ இடத்துக்குள் எல்லாம் ஒன்றாக வந்து என்மேல் ஏறி உட்கார்ந்தன. தலையைத் திருப்பக்கூட இடமில்லை.

பாய் துணியை வாங்கி மோந்தார். அவருக்கு இரண்டு நாளாகச் சளி. மூக்கின் கீழ் தைலம் பளபளத்தது.

"சுத்தம்டா. ஏறி வா."

ஏறிவிடலாம். தவுக்கேயின் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"கசியுது பாய்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஹோஸை மறுபடி தடவினேன்.

"கை வழுக்குது" என்றேன்.

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "கண்ணு ஏன்டா கலங்கியிருக்கு?"

"வெந்நி ஆவி."

கிளிப்புகளைக் கழற்றி ஹோஸை உருவினேன். நுனியின் உட்புறத்தை விரலால் தடவினேன். முடி அகலத்தில் ஒரு வெட்டு. படகு கட்டியபோதே யாரோ பயந்துபோய் முறுக்கி முறுக்கி அறுத்துவிட்டிருந்தார்கள். வெட்டுப்பட்ட நுனியை அறுத்துப் போட்டேன். மறுபடி வெந்நீர். மறுபடி தள்ளினேன். மறுபடி கை அரித்தது. நிறுத்தினேன்.

இந்த முறை துணியை நானாகவே மூக்கில் வைத்துப் பார்த்தேன். வெந்நீர் மணம் மட்டும் இருந்தது.

பாய் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். தோள் தோலில் கொஞ்சம் விலாமரத்திலேயே தங்கிவிட்டது.

லாஞ்ச் விருந்தாளிகளோடு கிளம்பியது. தவுக்கே கேபினுக்குள் தலையை நீட்டி மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார்.

"வாடா, ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கித் தர்றேன்" என்றார் பாய்.

"இல்ல பாய். வீட்டுக்குப் போகணும்."

"வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்க வந்தவர், இந்த முறை கேட்கவில்லை.

பாயான் பாருவில் என் வீட்டுக் கதவைச் சாத்தித் தாழிட்டேன். ஜன்னல்களையும் சாத்தினேன்.

அலமாரியின் மேல்தட்டில் அது இருந்தது. தடித்த பிளாஸ்டிக் பை. உள்ளே சந்திரிகா கடைசியாக உடுத்திக் கழற்றிய கைலி. துவைக்காதது.

பையின் வாயைச் சுருட்டி இரண்டு ஹோஸ் கிளிப்புகள் போட்டிருந்தேன். திருகுகள் எதிரெதிர்ப் பக்கம்.

செத்த மூக்கோடு திறந்தால் வீண். உள்ளே இருப்பது காற்றோடு போய்விடும். மூக்கு திரும்பும் அன்று திறப்பது என்று வைத்திருந்தேன்.

ஸ்க்ரூடிரைவரைத் திருகில் வைத்தேன். மிச்சமிருக்கும் அவள் வாசனை, திறந்தால் ஒரு முறைதான். கை அரித்தது.

அரைச் சுற்று திருப்பினேன்.

இறுகும் பக்கமாக.